ஐந்து கம்பிக்கு முன்பணம்

கஸ்தூரியார் வீதிக் கடையில்
புதிசாய் ஒன்று தொங்கியது.
கண்ணாடி மினுக்கம், சிவப்பு வார்,
வாங்கினால் ஒரு பையும் இலவசம்.
இருபத்தெட்டாயிரம் என்றான் கடைப் பெடியன்,
எனக்கென்றால் இருபத்தாறு.

நான் சங்கத்தில் காசாளர்.
பதினொரு வருடமாய்
ஈரப் பஞ்சில் விரல் தொட்டு
மற்றவர்களின் காசை எண்ணுகிறேன்.
கள்ள நோட்டை நான் கண்ணால் பிடிப்பதில்லை,
பெருவிரல்தான் முதலில் தயங்கும்.

அந்தப் பெருவிரலைக் கம்பியில் வைத்தேன்.
தயங்கியது.

பன்னிரண்டாம் கட்டில், கம்பிக்கடியில்
ஐந்து ரூபாய்க் குற்றி மூன்றை அடுக்கியும்
இடம் மிச்சம்.
அழுத்தினால் விரல் நுனி வெளுத்தது.
ஆணியைத் திருகிவிட்டுக் கையெடுக்க
சுருதி மெல்ல மெல்ல இறங்கியது
மாதக்கடைசிச் சேமிப்புப் புத்தகம் மாதிரி.
"பழகத்தானே அக்கா, இது காணும்."

பழகத்தானே.
சந்தி வரைக்கும் அந்தச் சொல் பின்னால் வந்தது.
கடலுக்குப் பழகத்தானே, ஓட்டை வள்ளம் காணும் என்று
எவராவது சொல்வார்களா?
பழகுகிறவளுக்குத்தான்
எது தன் பிழை, எது மரத்தின் பிழை என்று தெரியாது.
ஆறு மாதம் அழுத்திப் பார்த்துவிட்டு
எனக்கு வராது என்று
அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவாள்.
என் மேசைப்பந்து மட்டை அங்கேதான் கிடக்கிறது.

குருநகரில், ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால்
நெவின்ஸ்ரன் என்றொருவன்.
ருமேனியாவுக்கு விசா வந்துவிட்டதாம்,
பான்ஜோவை விற்கிறானாம்.
எழுபத்தையாயிரம்.
என் சீட்டுக் காசு எழுபது.

கட்டிலில் முகம் மேலாகக் கிடத்தியிருந்தான்.
தோலின் நடுவில் ஒரு மங்கல்,
வருடக்கணக்காய் விரல் உரசிய இடம்.
கொக்கிகளில் இரண்டு துரு:
"உப்புக் காத்து, ஒண்டும் செய்யேலாது."
பின் கிண்ணத்தில் கீறல்:
"உது நத்தாருக்கு விழுந்தது, நான்தான்."
எல்லாவற்றையும் தானே சொன்னான்,
பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டவன்போல.

தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம்.
உள்ளே பித்தளை வளையம் என்றான்,
அதுதான் சத்தத்துக்கு எலும்பு.

ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுமன் என்றேன்.
மாட்டானாம்.
"நான் வாசிச்சால் நீங்கள் என்ரை விரலை
விலைக்கு வாங்கிப்போடுவியள்.
அது ருமேனியாவுக்குப் போகுது அக்கா.
நீங்களே தட்டிப் பாருங்கோ."

கட்டில் விளிம்பில் இருந்தேன்.
ஐந்தாவது கம்பி
கழுத்தின் பாதியிலிருந்துதான் தொடங்குகிறது,
பிந்தி வந்து வாசலோடு நின்ற பிள்ளை.
ஆனால் கூப்பிட்டால்
எல்லோரையும்விட உச்சக் குரல் அதற்குத்தான்.

நோட்டு எண்ணுகிற விரலால் தட்டினேன்.
அசிங்கம்.
இன்னொருதரம். இன்னும் அசிங்கம்.
ஆனால் தெளிவான அசிங்கம்:
நகம் பட்டது தனியாகக் கேட்டது,
சரியாய் அழுத்தாத விரல் தனியாக.
எதையும் அது மூடி மறைக்கவில்லை,
எனக்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.
முதற் குற்றிக்கே கம்பிக்கடியில் இடம் இறுக்கம்.
ஆணிகள் வைத்த இடத்தில் நின்றன.
இனிப் பிழைத்தால்
அது என் பிழை.
இதைவிட நிம்மதி
எழுபத்தையாயிரத்துக்கு எங்கே கிடைக்கும்?

எழுபதை எண்ணி வைத்தேன்.
அவன் திருப்பி எண்ணவில்லை.
மிச்ச ஐந்தைச் சம்பளத்துக்கு என்றேன்.
"அதுக்குள்ள நான் போயிடுவன்,
அம்மாட்டைக் குடுங்கோ" என்றான்.
படுக்கை விரிப்பொன்றால் அதைச் சுற்றித் தந்தான்.
தந்த கையை
உடனே காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ரயில் கடவை மூடியிருந்தது.
ஸ்கூட்டியில், முழங்கால்களுக்கு நடுவே, விரிப்புக்குள் அது.
பக்கத்து ஓட்டோவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்:
"உதென்ன தங்கச்சி, தோசைத் தட்டோ?"
ரயில் வந்தது. நிலம் அதிர்ந்தது.
விரிப்புக்குள் ஐந்தும்
நான் தொடாமலே முனகின.
"ஓம் அண்ணை" என்றேன்,
"இன்னும் சுடப் பழகேல்லை."